பாதையில் குறுக்கே படுத்தவளுக்கு

தெய்வானை, இந்தக் கடிதத்தை வார்டில் நின்றபடி அவசரமாகப் படிக்காதே. வேலை முடிந்து, சாப்பிட்டு, காலை நீட்டி உட்கார்ந்த பிறகு எடு. அப்பா கடிதம் என்றால் நலம், நலமறிய ஆவல், மழை பெய்கிறது, ஆடு குட்டி போட்டது, அவ்வளவுதான் என்று உன் தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாயாமே. உன் தம்பி என்னிடம் போட்டுக்கொடுத்துவிட்டான். சிரி, நன்றாகச் சிரி. இந்தத் தடவை ஆடும் இல்லை, குட்டியும் இல்லை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. டவுனுக்கும் போகாமல், கோயிலுக்கும் போகாமல், வாசலில் சாக்கை விரித்து வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அம்மா அடிக்கடி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். நான் என்னத்தை எழுதித் தொலைப்பேனோ என்று அவளுக்குப் பயம்.

போன ஞாயிற்றுக்கிழமை மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பெரிய கங்காணி, அவர் சம்சாரம், மாப்பிள்ளை, மூன்று பேரும். வெற்றிலை பாக்கு, பூ, பழம் எல்லாம் தட்டில் வைத்து முறையாகத்தான் வந்தார்கள். பையன் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மாஸ்டர். குடி கிடையாது, அதிர்ந்து பேசத் தெரியாது, நல்ல பிள்ளை. உனக்கும் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். போன லீவில் அவன் பேச்சை எடுத்தபோது நீ குனிந்த தலை நிமிராமல் தேங்காய் துருவினாய். அன்றைக்குச் சம்பலில் பாதி சிரட்டைதான் இருந்தது. நான் அதையும் மென்று விழுங்கினேன். எல்லாம் பேசி முடிந்து தட்டை மாற்றப் போகிற நேரத்தில் பெரிய கங்காணி தொண்டையைச் செருமினார்.

"பொண்ணு தங்கமான பொண்ணுதாங்க. அதுல ஒரு கொறையும் இல்ல. ஆனா கல்யாணத்துக்கப்புறம் அந்த ஆஸ்பத்திரி வேலைய மட்டும் விட்டுறணும். நம்ம வீட்டுப் பொண்ணு கண்டவன் மேலயும் கைய வச்சுக்கிட்டு, ஊரான் பீ மூத்திரத்த அள்ளிக்கிட்டு இருக்கக் கூடாது பாருங்க. நாலு பேரு என்ன பேசுவாங்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. என் கோபம்தான் உனக்குத் தெரியுமே, கோபம் முன்னால் ஓடும், புத்தி பின்னால் நொண்டிக்கொண்டு வரும். வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா என் தொடையில் நல்ல கிள்ளு ஒன்று வைத்தாள். "யோசிச்சு வர்ற ஞாயித்துக்கெழமைக்கு அடுத்த ஞாயிறு சொல்றோமுங்க" என்று அவளே பேசி அனுப்பிவிட்டாள். மாஸ்டர் பையன் தலையைக் குனிந்துகொண்டான். தன் காலில் கிடந்த சப்பாத்தின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆக விஷயம் இதுதான் தாயி. வேலையை விட்டால் கல்யாணம். விடாவிட்டால் தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விடுவார்கள். உன் அம்மா, இது நல்ல இடம், நழுவவிடக் கூடாது என்கிறாள். வேலு மாமாவும் அவள் பக்கம்தான். எனக்கோ ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. ஊரான் பீ மூத்திரம் என்று அந்த மனுசன் சொன்னாரே, அந்த வேலைக்கு நீ எப்படிப் போய்ச் சேர்ந்தாய் என்று அவருக்குத் தெரியாது. உனக்கே முழுசாகத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். நீ சின்னப் பிள்ளை. நான்தான் மல்லாந்து கிடந்து எல்லாவற்றையும் பார்த்தவன்.

உனக்கு அப்போது பதினொரு வயதோ பன்னிரண்டோ. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். மேல்மலையில் நானும் ஆட்களும் தேயிலைக் கொப்புகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தோம். மழை விட்டு விட்டுப் பெய்து மண் சவுக்காரக் கட்டி மாதிரி வழுக்கியது. நீ எனக்குத் தேத்தண்ணியும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு ஏறி வந்தாய். உன்னைப் பார்த்த சந்தோஷத்தில் திரும்பினேனோ, என்னவோ, கால் சறுக்கியது. கவ்வாத்துக் கத்தி எவ்வளவு கூர் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, விரல் மொத்தக் கொப்பையே ஒரே இழுப்பில் சீவுகிற கத்தி. அது என் கெண்டைக்காலில் இறங்கிவிட்டது. முதலில் வலியே இல்லை. காலெல்லாம் சூடாக இருக்கிறதே என்று குனிந்து பார்த்தால் மண் சிவந்து கிடக்கிறது.

ஆட்கள் ஓடி வந்தார்கள். எல்லாரும் நல்லவர்கள்தான், ஆளுக்கு ஒரு வைத்தியம். ஒருவன் வாயில் மென்றுகொண்டிருந்த வெற்றிலை புகையிலையைத் துப்பி அப்படியே காயத்தில் அப்பினான். இன்னொருவன் அதன் மேல் என் தலைப்பாகையைச் சுற்றினான், ஏதோ பொங்கல் பானைக்கு மஞ்சள் கட்டுகிற மாதிரி நோகாமல். பிறகு கம்பளியின் இரண்டு முனையையும் ஒரு நீளக் கம்பில் கட்டித் தூளி செய்து என்னைப் போட்டுத் தூக்கினார்கள். முன்னால் வேலு மாமா, பின்னால் சின்னையா. லொறிப் பாதையில் மண் சரிந்து கிடந்ததால் லொறி மேலே வர முடியாது. கீழே பெரிய ரோட்டுக்கு ஒற்றையடிப் பாதையில்தான் இறங்க வேண்டும். ஒரு பக்கம் மலைச்சுவர், ஒரு பக்கம் பள்ளம், நடுவே ஓர் ஆள் நடக்கிற அகலம்.

நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நோயாளியைத் தூளியில் தூக்கினால் போய்ச் சேருகிற வரை வழியில் இறக்க மாட்டார்கள். தோள் மாற்றுவதென்றாலும் நடந்துகொண்டேதான் மாற்றுவார்கள். ஏனென்றால் நடுவழியில் இறக்கி வைப்பது பிணத்தை. சுடுகாட்டுக்குப் போகிற பாடையைத்தான் பாதி வழியில் இறக்கித் திருப்பித் தூக்குவார்கள். உயிரோடு இருப்பவனை அப்படி இறக்கினால் அவன் எழுந்திருக்க மாட்டான் என்று எல்லாருக்கும் பயம். எனக்கும்தான். அதனால் வேலு மாமா ஓட்டமும் நடையுமாக இறங்கினார். அவர் ஓட ஓடத் தூளி ஆடியது. ஆட ஆட என் கால் கீழே தொங்கி, சுற்றின துணி நனைந்து, கம்பளி நனைந்து, பாதையெல்லாம் சொட்டிக்கொண்டே போனது. அதைப் பார்த்தவள் பின்னால் வந்த நீ ஒருத்திதான். முன்னால் போகிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

"மாமா, எறக்குங்க! அப்பாவுக்கு ரத்தம் ஊத்துது!" என்று கத்தினாய்.

"சும்மா வா புள்ள! நடுவழியில எறக்குறதுக்கு ஒங்கப்பன் என்ன பொணமா?" என்று வேலு மாமா திரும்பிப் பார்க்காமலே கத்தினார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரிக்காதே. தூளிக்குள் கிடந்துகொண்டு, "எறக்காதீங்கடா! நான் இன்னும் சாகலடா!" என்று இருக்கிற சத்தத்தையெல்லாம் கூட்டிக் கத்தினேன். கத்தக் கத்த இன்னும் கொஞ்சம் ரத்தம் போயிருக்கும். கண் இருட்டிக்கொண்டு வந்தது. நீ அழுதுகொண்டே கேட்டுப் பார்த்தாய், சின்னையாவின் வேட்டியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாய். யாரும் நிற்கவில்லை. அப்புறம் திடீரென்று உன் சத்தமே இல்லை. பிள்ளை எங்கே போய்விட்டது, பள்ளத்தில் விழுந்துவிட்டதோ என்று பதறினேன். நீ பள்ளத்தில் விழவில்லை. தேயிலைக்குள் புகுந்து ஓடி, குறுக்கே இறங்கி, எங்களுக்கு முன்னால் போய், அந்த ஒற்றையடிப் பாதையில் நீட்டிப் படுத்துக்கொண்டாய். மலைச்சுவரில் தலை, பள்ளத்துப் பக்கம் கால்.

வேலு மாமா நின்றுவிட்டார். பின்னால் வந்த சின்னையா அவர் முதுகில் முட்டாத குறை.

"ஏன்யா நின்னுட்ட?"

"புள்ள படுத்திருக்குயா! ஏ தெய்வான, எந்திரி. இதுவா வெளாடுற நேரம்?"

"எந்திரிக்க மாட்டேன். முடிஞ்சா தாண்டிப் போங்க."

தாண்ட முடியுமா? படுத்திருக்கிற பிள்ளையைத் தாண்டினால் அது வளராது, குட்டையாகவே நின்றுவிடும் என்று நம் வீடுகளில் தவழுகிற பிள்ளையைக்கூடத் தாண்ட விட மாட்டோம். அதுவும் வேலு மாமா தாய்மாமன். அக்கா மகளைத் தாண்டிவிட்டு அக்கா முகத்தில் எப்படி முழிப்பார்? அந்த மனுசன் படுகிற பாட்டைத் தூளியிலிருந்து பார்த்தேன். "தாண்டுனா புள்ள வளராமப் போயிருமேயா, எறக்குனா மச்சான் போயிருவாரேயா" என்று ஓவென்று அழுதுவிட்டார். சின்னையாதான், "எழவெடுத்த புள்ளயா இருக்கே, எறக்கித் தொலைங்க, அது சொல்றதத்தான் கேப்போம்" என்றார். என்னை இறக்கினார்கள். நான் கண்ணை இறுக மூடி முருகனைக் கூப்பிட்டேன். அவன் வருவதற்கு முன்னால் நீ வந்துவிட்டாய்.

என் காலைத் தூக்கி உன் மடியில் வைத்தாய். அந்தப் புகையிலைச் சேற்றை வழித்து எறிந்தாய். தலைப்பாகையை உதறி மடித்துக் காயத்தின் மேல் வைத்து, இரண்டு கையையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஊன்றி, உன் எடை முழுவதையும் அதில் போட்டாய். நான் வலியில் உன்னைக் கெட்ட வார்த்தையால் திட்டினேன். நீ கேட்ட மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. ரத்தம் நிற்கும் வரை கையை எடுக்கவும் இல்லை, யாரையும் தூக்க விடவும் இல்லை. அப்புறம்தான் வேலு மாமாவை இறுக்கிக் கட்டச் சொன்னாய். மீதி வழியில் கட்டு நனையும்போதெல்லாம் நீ ஒரு சத்தம் போடுவாய், அந்த இரண்டு ஆம்பிளைகளும் மறு பேச்சுப் பேசாமல் இறக்குவார்கள். இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது என்று பிறகு ஒரு நாள் கேட்டேன். "யாரு சொல்லணும்? தண்ணிப் பீலியில ஓட்ட விழுந்தா கைய வச்சுத்தானே அடைக்கிறோம்? தூக்கிப் புடிச்சா தண்ணி வர்றது கொறையுதுதானே?" என்றாய். இவ்வளவுதானா என்று கேட்டதற்கு, இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாய்.

ரோட்டில் தேயிலை ஏற்றிப் போன லொறியை மறித்து ஏற்றினார்கள். லொறி குலுங்கினதில் கட்டு நெகிழ, மறுபடியும் உன் கைதான் காவல். ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டபோதும் கையை எடுக்க மாட்டேன் என்று நின்றாய். அட்டெண்டன் அதட்டினான். உனக்கு அசைவே இல்லை. அப்போது ஒரு நர்ஸம்மா வந்தார். சிங்களப் பிள்ளை, வயது அதிகம் இருக்காது. உன்னை அதட்டவில்லை, பிடித்து இழுக்கவும் இல்லை. குனிந்து, தன் கையை உன் கையின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு, அரைகுறைத் தமிழில், "துவ, இப்ப நான் புடிக்கிறது. ஒங்க கை மெல்ல மெல்ல எடுங்க" என்றார். துவ என்றால் மகள் என்று உனக்கு அப்போது தெரியாது. ஆனாலும் அந்தக் குரலுக்கு எடுத்தாய். அந்த அம்மா என் காலை விடாமல், தன் தோளால் உன்னை ஒரு பக்கம் அணைத்துக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் மயங்கினேன்.

இந்தக் கதையை நம் லயத்து வீடெல்லாம் சொல்லும். வேலு மாமா குடித்தால் ஒரு மாதிரியும் குடிக்காவிட்டால் வேறு மாதிரியும் சொல்லுவார். ஆனால் நீ நர்ஸ் ஆனது அந்தப் பாதையில் இல்லை என்று எனக்குத் தெரியும். அது எனக்கும் உனக்கும் மட்டும் தெரிந்த இடம். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் பள்ளிக்கூடம் விட்டதும் நடந்தே வந்து என் கட்டிலருகில் உட்கார்ந்திருப்பாய். பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவர். எந்தத் தோட்டமோ, பார்க்க ஒரு நாதி வரவில்லை. ஒரு நாள் படுக்கையிலேயே எல்லாம் போய்விட்டது. வார்டே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் படுத்தது. நானும்தான். அந்த நர்ஸம்மா சுடுதண்ணீர் கொண்டுவந்து, மறைப்பை இழுத்துவிட்டு, அவரைத் துடைத்துக் கழுவி, வேறு துணி மாற்றி, தலையைக்கூட வாரிவிட்டார். கழுவும்போது பேசிக்கொண்டே இருந்தார், மழையைப் பற்றியோ என்னவோ. கிழவர் வெட்கத்தில் அழுதுகொண்டிருந்தவர், கடைசியில் எதற்கோ சிரித்துவிட்டார்.

"அப்பா, அந்தத் தாத்தா அவங்களுக்குச் சொந்தமா?" என்று என் காதில் கேட்டாய்.

"சொந்தமாவது ஒண்ணாவது. அவரு யாரோ, அந்தம்மா யாரோ."

"பெறகு எதுக்கு தல வாரி விடுறாங்க?"

"அது அவங்க வேல தாயி."

திரும்பி அந்தக் கிழவரைப் பார்த்தாய். "நல்ல வேலையா இருக்கேப்பா. எனக்கு அந்த வேல வேணும்" என்றாய்.

நான் சிரித்தேன். லயத்துப் பிள்ளைக்குக் கொழுந்துக் கூடையை விட்டால் வேறு என்ன வேலை கிடைக்கும் என்ற சிரிப்பு. நீ சிரிக்கவில்லை. அதன் பிறகு நடந்ததையெல்லாம் எழுதினால் கடிதம் முடியாது. ஹட்டன் பள்ளிக்கூடத்துக்கு இருட்டோடு எழுந்து பஸ்ஸுக்கு ஓடினாய். கடைத்தெருவில் சிங்களம் பேசிப் பேசியே கற்றாய். இந்த மண்ணில் பிறந்த நமக்கே பிரஜாவுரிமை கொடு என்று நான் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தேன். அதில் எத்தனை துரைமாரிடம் பல்லைக் காட்டினேன், எத்தனை கிளாக்கரிடம் பல்லைக் கடித்தேன் என்பது என்னோடு போகட்டும். அது கிடைத்த அன்றைக்கு நீ துள்ளிக் குதிப்பாய் என்று பார்த்தேன். "சரிப்பா, இனி கண்டிக்கு நர்ஸ் படிக்கப் போகலாம்தானே" என்று துணியை மடிக்க ஆரம்பித்துவிட்டாய். அப்படிப்பட்ட அழுத்தக்காரி நீ.

இப்போது நீ லீவில் வந்தால் நம் காம்பரா வாசலில் திருவிழா. பிள்ளைக்குக் காய்ச்சல், விடியக்காலை பேர் பதிகிற பிரட்டுக் களத்தில் நின்று நின்று கால் வீக்கம், பிள்ளைத்தாய்ச்சிக்கு மயக்கம், எல்லாம் உன்னிடம்தான். டவுனில் துணிக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா இருக்கிறாரே, என்னைக் கண்டதும், "நம்ம நர்ஸம்மா எப்ப வர்றாங்க?" என்றுதான் முதலில் கேட்பார். பிறகுதான் வேட்டி காட்டுவார். பஸ்ஸில் யாராவது உங்கள் மகள் என்ன செய்கிறாள் என்று கேட்க மாட்டார்களா என்று நான் காத்துக்கொண்டிருப்பேன். யாரும் கேட்காவிட்டால் நானே ஆரம்பித்துவிடுவேன். உன் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அடித்துக்கொள்ளட்டும். எனக்குப் பெருமையாக இருக்கிறது, தெய்வானை. நெஞ்சு கொள்ளாத பெருமை. இதை நேரில் சொல்ல எனக்கு நாக்கு எழாது, அதனால் எழுதுகிறேன்.

சரி, பெரிய கங்காணிக்கு என்ன பதில்? முதலில், போய்யா உன் தட்டும் நீயும் என்று சொல்லிவிடத்தான் நினைத்தேன். பிறகு உன் அம்மா அழுவதைப் பார்த்து, சரி என்றுவிடலாமா என்றும் யோசித்தேன். மகள் கழுத்தில் தாலி ஏறிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு மட்டும் இல்லையா? ஒரு வாரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. வேலை உன்னுடையது, கழுத்தும் உன்னுடையது. இரண்டு கிழவன்கள் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு அதைப் பற்றி ஏன் பேச வேண்டும்? பெரிய கங்காணியிடம் நீ ஒன்றும் கேட்காதே. மாஸ்டரைக் கேள். சப்பாத்தைப் பார்க்காமல் உன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லச் சொல். அவன் உன் பக்கம் நிற்பான் என்றால் கட்டிக்கொள், அவன் அப்பனை நான் பார்த்துக்கொள்கிறேன். நிற்க மாட்டான் என்றால் வீட்டுக்குள் போய் அழு. வெட்கப்படாமல் அழு, உன் அம்மாவும் கூட அழுவாள், நானும் கொல்லைப் பக்கம் போய் அழுவேன். அழுதுவிட்டு மறுநாள் டியூட்டிக்குப் போய்விடு. வேலையை விட்டுவிடுவதுதான் சரி என்று உனக்கே தோன்றினால், அதையும் நீயே சொல். நான் முகம் சுளிக்க மாட்டேன். ஆனால் நாலு பேர் பேசுவார்கள் என்பதற்காக மட்டும் விடாதே.

வருகிற ஞாயிறு சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். உனக்கு அன்றைக்குக் காலை டியூட்டியாம், தம்பி விசாரித்துச் சொன்னான். முடிந்ததும் நேரே பஸ் ஏறு. நீ எப்போதும் ஆஸ்பத்திரியிலேயே சேலைக்கு மாறிக்கொண்டுதான் வருவாய், லயத்துக் கண் பட்டுவிடும் என்று உன் அம்மா சொல்லி வைத்ததால். இந்தத் தடவை மாற்றாதே. அந்த வெள்ளை உடுப்போடும் தொப்பியோடும் அப்படியே நடந்து வா. லயத்து வாசல் முழுக்க நின்று பார்க்கட்டும். வந்து அவர்களுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார். பேச வேண்டியதை நீ பேசு. நான் குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டேன். உன்னை அந்த உடுப்பில் நான் இதுவரை பார்த்ததில்லை தாயி. எனக்குப் பார்க்க வேண்டும்.